அந்தக் கை சுத்தமான கை

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆவணி மாதம். விருத்தாசலத்துக்கு வெளியே, பெண்ணாடம் போகிற வழியில் இருக்கும் ஒரு சிறிய திசு வளர்ப்புக் கூடத்தில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அதனால் யார் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். வாழைக் கிழங்கின் குருத்துப் பகுதியில் சின்னத் துண்டு எடுத்து, ஜாம் பாட்டில் போன்ற ஒரு பாட்டிலுக்குள் கூழின் மேல் நட்டுவிடுவோம். சில வாரங்களில் ஒன்று நான்காகும், நான்கு பத்தாகும். பிறகு வேர் பிடிக்க வைத்து, பசுமைக்குடிலில் கொஞ்ச நாள் பழக்கி, விவசாயிகளுக்குக் கொடுப்போம். அந்தக் கூழுக்கு மீடியா என்று பெயர். சர்க்கரை, உப்புச் சத்துகள், கெட்டியாவதற்கு அகார், எல்லாம் கலந்து காய்ச்சி பாட்டில்களில் ஊற்றுவது என் பொறுப்பு. செடிக்குப் பிடித்த அந்த இனிப்புக் கூழ் கிருமிகளுக்கு அதைவிடப் பிடிக்கும். ஒரே ஒரு கிருமி உயிரோடு உள்ளே இருந்தாலும் நான்கைந்து நாளில் பாட்டில் முழுக்கப் பால் ஊற்றியது போலக் கலங்கிவிடும். செடி போச்சு.

அதனால் ஊற்றிய பாட்டில்களை ஆட்டோகிளேவில் வேக வைப்போம். ஆள் உயர குக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே அழுத்தம் காட்டும் முள் பதினைந்து பவுண்டுக்கு வந்தால் உள்ளே நூற்று இருபத்தொரு டிகிரி சூடு இருக்க வேண்டும். அதில் இருபது நிமிடம் இருந்தால் எந்தக் கிருமியும் தப்பாது. தாவரவியலில் எம்.எஸ்சி. படித்தவள் என்பதால் அந்த அறை என்னுடைய ராஜ்ஜியம். வேறு யாரையும் நான் அதைத் தொட விட்டதில்லை.

அடுத்த அறையில், சுத்தமான காற்று வீசும் மேஜைகளின் முன் ஐந்து பெண்கள் உட்கார்ந்து, நான் கொடுக்கும் பாட்டில்களில் செடியை வெட்டி நடுவார்கள். அவர்களில் ஒருவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அதற்கு முன் ஊரில் ஒரு பீங்கான் பட்டறையில் சூளைப் பக்கம் வேலை பார்த்தவர். அவருடைய சம்பளத்தில்தான் அவர் வீடு நடந்தது. எங்கள் கூடத்தில் அவரைப் போல வேகமாக நடுபவர் யாரும் இல்லை. மற்றவர்கள் நூறு பாட்டில் முடிப்பதற்குள் அவர் நூற்று ஐம்பது முடித்துவிடுவார். வயதில் மூத்தவரானாலும் அவருக்கு நான் 'மேடம்', அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அது எனக்கு உறுத்தியதே இல்லை.

அந்த ஆவணியில் பெண்ணாடம், எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் பக்கத்து விவசாயிகள் சிலர் ஒன்றாகச் சேர்ந்து பெரிய அளவில் கன்று கேட்டிருந்தார்கள். கூடத்தை நடத்தும் சார் ஒரு நாளைக்கு மூன்று முறை என் அறை வாசலில் வந்து நிற்பார். "ரெடியாம்மா, எப்பம்மா ரெடியாவும்?" அவர் குரல் கேட்டாலே என் கை வேகம் கூடும். கூடையில் பாட்டில்களை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். நான் இடுக்கில்லாமல் நெருக்கினேன். ஆட்டோகிளேவில் ஆவி வர ஆரம்பித்ததும் மேலே இருக்கும் குழாயைப் பத்து நிமிடமாவது திறந்தே வைத்து, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறிய பிறகுதான் மூட வேண்டும். நான் முதல் ஆவி புஸ்ஸென்று வந்ததுமே மூடினேன். வெந்த பாட்டில்களை மூன்று நாள் சும்மா வைத்துப் பார்த்து, எதுவும் கலங்கவில்லை என்று தெரிந்த பிறகே நடக் கொடுக்க வேண்டும். நான் ஆறியதுமே கொடுத்தேன். முள் பதினைந்தில் நின்றது. கடிகாரம் இருபது நிமிடம் காட்டியது. அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் பாட்டில்கள் கலங்க ஆரம்பித்தன. முதல் நாள் ஏழெட்டு. மறுநாள் ஒரு தட்டு. அதற்கு அடுத்த நாள் விளக்கைப் போட்டதும் அலமாரி அலமாரியாக வெண்மை. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து வெளிச்சத்தில் காட்டுகிறேன், வைக்கிறேன், மறுபடி அதையே எடுக்கிறேன்.

சார் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "எங்கம்மா தப்பு?" என்று கேட்டார்.

"நடுற எடத்துலதான் சார்" என்றேன். யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. ஆனால் சொன்னதும் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. அதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

ஒவ்வொரு பாட்டிலிலும் நட்டவரின் குறியீடு எழுதியிருக்கும். எண்ணிப் பார்த்தோம். கெட்டுப்போனதில் அதிகம் வேகமாக நடும் அந்த அக்காவுடையதுதான். அவர்தான் அதிகம் நட்டவர், அதனால் அவருடையதில்தான் அதிகம் கெட்டிருக்கும் என்ற சின்னக் கணக்கு படித்த என் மூளைக்கு அப்போது தோன்றவில்லை. தோன்ற நான் விடவில்லை என்பதுதான் உண்மை.

சார் எல்லோரையும் கூப்பிட்டார். நான் அக்காவின் குறியீட்டைச் சொன்னேன். கை சரியாகக் கழுவுகிறாரா, ஸ்பிரிட் தடவுகிறாரா என்றெல்லாம் சார் கேட்க, அக்காவின் முகம் மெல்லக் கறுத்தது. ஆனாலும் பதறவில்லை. கலங்கிய ஒரு பாட்டிலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"மேடம், நல்லாப் பாருங்க. என் கைப்பட்டு வந்துருந்தா செடியச் சுத்திதான மொதல்ல வரணும்? இது அடியிலேர்ந்து வருதுங்க. செடி பக்கம் இன்னும் தெளிவாத்தான் இருக்குது."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

"மேல இருக்குற முள்ள மட்டும் நம்பாதீங்க மேடம். நாங்க சூளையில மீட்டர் இருந்தாக்கூட உள்ள நடுவுல கோனு வெப்போம். அது வளைஞ்சாத்தான் சூடு எட்டுச்சின்னு அர்த்தம். மீட்டர் ஒண்ணு சொல்லும், உள்ள ஒண்ணு இருக்கும்."

கோன் என்பது ஒரு விரல் நீள மண் கூம்பு. குறிப்பிட்ட சூடு வந்தால்தான் அது தலை சாயும் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று நான் சொன்னது இது: "இது ஒண்ணும் சூளை இல்ல. இது லேப்."

யாரோ ஒருவர் சிரித்தார். "ரெண்டு வாரம் வூட்டுல இரும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அன்று மதியச் சாப்பாட்டின்போது, அவர் பக்கத்தில் வழக்கமாக உட்காரும் பெண் தன் டப்பாவை நகர்த்திக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். "சில பேருக்குக் கையே அப்பிடி" என்று ஒரு குரல் வந்தது. அக்கா டப்பாவைத் திறக்காமலே பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் போன பிறகும் பாட்டில்கள் கலங்கின.

அக்காவிடமிருந்து வந்த கிருமி இன்னும் அறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சார் அறை முழுவதும் மருந்துப் புகை போட்டார். திரைகளை மாற்றினார். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் சோறு வடிக்கும்போதும் கண்ணுக்குள் பாட்டில்தான். 'அடியிலேர்ந்து வருதுங்க' என்ற குரல் விடாமல் கேட்டது. ஒரு நாள் காலை, யாரிடமும் சொல்லாமல், செடியே நடாத வெறும் மீடியா பாட்டில்கள் பன்னிரண்டை எடுத்து வைத்தேன். கூடையின் மேல் அடுக்கில் இருந்தவற்றில் ஒரு புள்ளி, நடுவில் நெருக்கத்தில் இருந்தவற்றில் இரண்டு புள்ளி என்று அடையாளம் போட்டேன். வழக்கம் போல நெருக்கி, வழக்கம் போல அவசரமாகக் குழாயை மூடி, வேக வைத்து எடுத்த பாட்டில்கள் அவை. யார் கையும் படவில்லை.

அந்த மூன்று நாள் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. அரை மணிக்கொரு தரம் போய்ப் பார்ப்பேன். கலங்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். கலங்காவிட்டால் தப்பு அக்காவுடையது, நான் பிழைத்தேன். பழமலைநாதர் கோயில் பக்கம் போனபோது வெளியே நின்று கும்பிட்டதுகூட அதற்காகத்தான். எதற்காகக் கும்பிடுகிறேன் என்று எனக்கே புரிந்ததும் கையை இறக்கிவிட்டேன்.

நான்காம் நாள் காலை, இரண்டு புள்ளி வைத்த ஆறில் நான்கு பாட்டில்கள் கலங்கியிருந்தன. ஒரு புள்ளி வைத்தவை கண்ணாடி மாதிரி இருந்தன.

அப்போதும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. என் கணவர் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அவரிடம் சூடு எட்டியதா என்று பார்க்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். கந்தகம் நூற்றுப் பதினைந்து டிகிரியை ஒட்டி உருகும், அதுகூட உருகாவிட்டால் நூற்று இருபத்தொன்று நிச்சயம் வரவில்லை என்றார். கொஞ்சம் கந்தகத் தூளை இரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு இறுக மூடிக் கொடுத்தார். ஒன்றை மேலே வைத்தேன், ஒன்றை நடுவில் நெருக்கத்துக்குள் செருகினேன். முள் பதினைந்தில் அசையாமல் நின்றது. இருபது நிமிடம். ஆறவிட்டு எடுத்தேன். மேல் குழாயில் கந்தகம் உருகி ஒரு கட்டியாக இறுகியிருந்தது. நடுக் குழாயைச் சாய்த்தேன். மஞ்சள் தூள் போட்டது போட்டபடி சரசரவென்று சரிந்தது.

உள்ளே சிக்கிய காற்று. அதை வெளியேற்றாமல் விட்டது நான். அழுத்தம் இருந்தது, சூடு இல்லை. சூளையில் வேலை பார்த்தவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

நல்லவளாக இருந்திருந்தால் அந்த நிமிடமே சாரிடம் ஓடியிருப்பேன். நான் ஓடவில்லை. சத்தம் போடாமல் சரிசெய்தேன். பாட்டில்களை இடைவெளி விட்டு அடுக்கினேன். குழாயைத் திறந்து, ஆவி சீராகப் பீறிட்டு வரும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுக் குழாயிலும் கந்தகம் உருகியது. மூன்று நாள் சும்மா வைத்துப் பார்த்த பிறகே பாட்டில்களைக் கொடுத்தேன். எல்லாம் சரியானதும் அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லலாம், காரணம் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று எனக்குள் ஒரு திட்டம்.

இரண்டு வாரம் கழித்து அலமாரிகள் தெளிவாக இருந்தன. சார் முகத்தில் சிரிப்பு திரும்பியது. தட்டுகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொன்னார்: "பாத்தியாம்மா? அந்தப் பொண்ணு போன பொறவுதான் லேப்பே சுத்தமாயிருக்குது. நீ கரெக்டா சொன்ன."

நான் எதை மறைத்துச் சரிசெய்தேனோ, அதுவே அக்கா மேல் முத்திரையாகக் குத்திவிட்டது. இனி அவரை எப்படிக் கூப்பிடச் சொல்வது? அன்று முழுவதும் நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. அகாரை அளக்காமல் கொட்டி ஒரு பானை மீடியாவையே வீணாக்கினேன் என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் காலை சார் வண்டியை நிறுத்துவதற்குள் போய் நின்றேன். கலங்கிய பாட்டில்களையும், நான் முன்பு வைத்த முறையில் உருகாத கந்தகக் குழாயையும் காட்டிச் சொல்லி முடித்தேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் நெடுநேரம் குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கத்தினார். பிறகு அடங்கி, "சரி, இனிமே பாத்துக்க. அவங்கள வரச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். செய்யாத தப்புக்கு அக்காவை வெளியே அனுப்ப ஐந்து நிமிடம் ஆகவில்லை. செய்த எனக்கு ஒரு 'பாத்துக்க'. அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதி வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

அக்கா பழையபடி பீங்கான் பட்டறைக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டு, அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு வண்டி முடிவே இல்லாமல் போனது. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துப் பார்த்து, கேட் திறந்தபோது பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை வண்டியைக் கிளப்பவே தோன்றவில்லை.

பட்டறையில் அவர் ஒரு பலகையில் வரிசையாக அடுக்கியிருந்த, இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. "இந்தப் பலகை முடிஞ்சிரட்டும்" என்றார். நான் வெயிலில் நின்றேன். முடித்து, தொட்டியில் கை கழுவி, முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தார்.

"அக்கா" என்றேன். அப்படி அவரைக் கூப்பிட்டது அதுவே முதல் முறை. எல்லாவற்றையும் சொன்னேன். காற்றை, கந்தகத்தை, நான் மறைத்ததை, சார் சொன்னதை. கடைசியில் அழுதேவிட்டேன்.

அவர் அழவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. "சார்கிட்ட சொன்னீங்க. சரி. அங்க வேல செய்யிறவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்லக்கா. சார் சொல்லிடுவாரு..."

"மெஷினுல கோளாறுன்னு சொல்லுவாரு. என் கை சுத்தம்னு சொல்லுவாரா? நீங்க சொன்னீங்களா?"

அவர் மறுபடி முந்தானையில் கையைத் துடைத்தார்.

"டப்பாவ நகத்திக்கிட்டுப் போனா மேடம். ரெண்டு வருசம் என் கொழம்பத் தின்னவ. எனக்கு வேல இங்கயும் கெடைச்சிது. அது ஒண்ணும் இல்ல. அன்னைக்கி வர்ற வழியில பஸ்ஸுல உக்காந்து என் கையவே பாத்துக்கினு வந்தேன். நமக்கே தெரியாம ஏதாச்சும் இருக்குதோன்னு. ரெண்டு மூணு நாளு எம்மவளுக்குச் சோறு பெசைஞ்சி ஊட்டவே ஒரு மாதிரி இருந்திச்சி."

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. "பாத்துப் போங்க, ரயில்வே கேட்டுக்கிட்ட கூட்டமா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குத் திரும்பினார்.

மறுநாள் மதியம், சாப்பிட எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது போய் நின்றேன். சாரிடம் சொன்னதைவிட இது நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது. நான்கு பெண்களும் கையில் சோற்றோடு என்னையே பார்த்தார்கள். தப்பு செய்தது நான், தெரிந்த பிறகும் மறைத்தது நான் என்றேன். அவர் பெயரைச் சொல்லி, அவர் கையில் எந்தக் குறையும் இல்லை, இந்தக் கூடத்திலேயே சுத்தமான கை அதுதான் என்றேன். டப்பாவை நகர்த்திய பெண் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் மட்டும், "அன்னைக்கே அவங்க சொன்னாங்கல்ல மேடம்" என்றார். ஆமாம் என்றேன்.

போனில் அக்காவிடம் சொன்னபோது "சரிங்க" என்று வைத்துவிட்டார். பத்து நாள் கழித்து ஒரு மதியம் அவரே வந்தார், வேலைக்கு இல்லை. டப்பாவை நகர்த்திய பெண் எப்படியோ அவர் வீட்டைத் தேடிப் போய்க் கூட்டி வந்திருந்தார். பெஞ்சில் நடுவில் உட்கார வைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை. சார் வந்து, திரும்ப வரச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். "இல்லைங்க சார், எனக்கு அங்கயே சரியா இருக்குது" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார் அக்கா. சாப்பிட்டுக் கை கழுவியதும், என்னிடமும்தான், "போயிட்டு வரேன்" என்று சொல்லிக் கிளம்பினார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். அதற்கு மேல் அவரிடம் எதையும் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

இன்றைக்கும் எப்போதாவது ஒரு பாட்டில் கலங்கினால் என் நெஞ்சு அதே போலப் படபடக்கிறது. யாரையாவது ஒருவரைக் கைகாட்டிவிட்டால் அது உடனே அடங்கிவிடும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டதால், அது தானாக அடங்கும்வரை நான் வாயைத் திறப்பதே இல்லை.